விரத நாளிலை வந்த பிறியோஷ்

றெஜினாவை அந்தக் குறூப்பிலை சேர்த்துவிட்டது ஆர்? தனுசியாதான். வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விட்டிட்டு, பேந்து குத்துது குடையுது எண்டால் ஆர் என்ன செய்யிறது?

குறூப்பெண்டால் வாட்ஸ்அப் குறூப். 'பிரெஞ்சுக் குசினி' எண்டு பேர். நடத்துறவ பாரிசிலை இருக்கிற இராசாத்தி அக்கா. அவவிட்டை தடிச்ச பிரெஞ்சுச் சமையல் புத்தகம் ஒண்டு இருக்கு. கிழமைக்கு ஒரு பலகாரமாய்ப் பிடிச்சு, அதைத் தமிழிலை சொல்லிக் குரல் பதிவாய் அனுப்புவா. கனடா, லண்டன், யாழ்ப்பாணம் எண்டு சிதறிக் கிடக்கிற பெம்பிளையள் எல்லாரும் அதைச் செய்து ஞாயிற்றுக்கிழமை படம் போடவேணும். ஆற்றை படத்துக்குக் கூட இதயம் விழுதோ அவதான் அந்தக் கிழமை ராணி.

தொடக்கத்திலை கிழமைக்குக் கிழமை தனுசியாதான் ராணி. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலை பிறந்தநாள் கேக்கெண்டால் அவளிட்டைத்தான் சனம் வரும். அந்தப் பெருமையிலை இருந்த நேரம்தான், முன்வீட்டு ஜெறோமின்ரை மனிசி றெஜினா படலையடியிலை வந்து நிண்டு, "அக்கா, எனக்கும் பழக ஆசையாக் கிடக்கு" எண்டாள். பாணுக்குப் பட்டர் பூசுறதுக்கு மிஞ்சி இவளுக்கு என்ன தெரியப்போகுது எண்டு நினைச்சு, தனுசியா பெரிய மனம் பண்ணிச் சேர்த்துவிட்டாள். தோக்கிற ஆக்கள் நாலு பேர் பக்கத்திலை இருந்தால் வெல்லுற ஆளுக்கும் ஒரு வடிவுதானே.

பிறை மாதிரி வளைஞ்ச குறுவாசோன் செய்யிற கிழமை வந்துது. ஆடி வெக்கையிலை பட்டரை மாவுக்குள்ளை வைச்சு மடிச்சு மடிச்சு உருட்டுறது லேசான வேலையே? தனுசியாவின்ரை பட்டர் பாதி வழியிலை உருகி ஓடி, தட்டிலை பொரிஞ்சு, கடைசியிலை வந்தது தேத்தண்ணிக் கடைப் பணிஸ்தான். றெஜினா போட்ட படத்திலை ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாய்த் தெரிஞ்சுது. "தங்கச்சி, எங்கடை தெருப் பேக்கரிக்காரன் உந்தப் படத்தைப் பாத்தால் கடையைப் பூட்டிப்போட்டுப் போயிடுவான்" எண்டு இராசாத்தி அக்கா குரல் பதிவு போட்டா. அதைத் தனுசியா எத்தினை தரம் போட்டுப் போட்டுக் கேட்டாளெண்டு என்னைக் கேளாதேங்கோ. நல்ல சொல்லை ஒருக்காக் கேட்டால் காணும். மற்றவளுக்கு விழுந்த நல்ல சொல்லைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கச் சொல்லும்.

அண்டையிலிருந்து அவளுக்கு நித்திரை போச்சுது. முன்வீட்டிலை இருந்து பட்டர் வாசம் வந்தால் யன்னலைச் சாத்துவாள். சாத்தினால் வேர்க்கும். வேர்த்தால் திறப்பாள். திறந்தால் திரும்பவும் அந்தக் கோதாரி வாசம்.

இந்த நேரம் பாத்து நல்லூர்க் கந்தன் கோயிலிலை கொடியேறிச்சுது. கொடியேறினால் திருவிழா முடியுமட்டும் தனுசியா வீட்டிலை மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் இல்லை. முட்டையும் மச்சந்தான். முட்டை பட்ட ஏனங்களைக்கூடக் கழுவிக் கொட்டிலிலை போட்டிடுவினம். பிரெஞ்சுக்காரனுக்கோ முட்டையில்லாமல் மூச்சுவிடத் தெரியாது. அதோடை இந்த வருசம் தனுசியா நேர்த்தி வைச்சு விரதம் பிடிச்சவள். வீட்டோடை இருக்கிற மாமி, மனிசன்ரை தாய் செல்வநாயகிக்குக் கண்ணிலை பூ விழுந்து, திருவிழா முடிய ஒப்பரேசன். அது நல்லபடியாய் முடியவேணுமெண்டு நேர்த்தி. மாமி அந்தப் பெருமையைச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தனுசியாவும் லேசுப்பட்டவளில்லை. சந்தனப்பொட்டோடை ஒரு படம் எடுத்து, 'மாமியின்ரை கண்ணுக்காக நல்லூர் விரதம், திருவிழா முடியச் சந்திப்பம்' எண்டு குறூப்பிலை போட்டாள். மாமியின்ரை மகள் தர்சினியும் கனடாவிலை இருந்து அந்தக் குறூப்பிலைதான். அவள் கைகூப்பிப் பதில் போட்டாள்.

றெஜினாவுக்கு என்ன? அவை வேதக்காரர். அவையின்ரை தவக்காலம் எப்பவோ முடிஞ்சுது. கிழமைக்கொரு படம், கிழமைக்கொரு கிரீடம். போட்டிக்கு ஆளில்லாத ஊரிலை ஓடுறவளெல்லாம் முதலாவதுதானே எண்டு தனுசியா தன்னைத்தானே தேத்திக்கொண்டாள். தேறேல்லை.

ஒருநாள் குளிக்கேக்கை அவளுக்கு ஒரு யோசனை வந்துது. ஜெறோம் டவுனிலை ஒரு பெரிய ஹோட்டலுக்கு வான் ஓட்டுறவன். ஹோட்டலிலை உந்தப் பலகாரமெல்லாம் போடுவினந்தானே? தலை துவட்ட முதலே இராசாத்தி அக்காவுக்குத் தனியாய்க் குரல் பதிவு போட்டாள். "அக்கா, நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ. நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை. றெஜினாவின்ரை மனிசன் ஹோட்டலிலைதான் வேலை. அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். நெருப்பை வைச்சிட்டு, நான் குச்சியைத்தான் கிழிச்சனான் எண்ட கதை.

அந்த ஞாயிறு காலமை மாமி அயலாக்களோடை நல்லூருக்குப் போயிட்டா. தனுசியா கிணத்தடியிலை தனிய நிண்டாள். றெஜினா ஒரு கோப்பையை மூடிக்கொண்டு பின்பக்கத்தாலை வந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, மணிக்கட்டிலை புதுச் சூட்டுக் காயம். "அக்கா, இந்தக் கிழமைப் பிறியோஷ் சரிவந்திட்டுது. முதல் உங்களிட்டைத்தான் கொண்டாறன். நீங்கள்தானே என்னைச் சேர்த்துவிட்டனீங்கள்" எண்டு நீட்டினாள்.

'நான் விரதம்' எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தனுசியா சொல்லேல்லை. வாங்கிக்கொண்டாள்.

றெஜினா போனாப்போலை மூடியைத் திறந்தாள். குண்டு குண்டாய் முட்டை போட்ட பணிஸ் மாதிரி, மேலை ஒரு சின்ன உருண்டை. தொட்டுப் பாத்தாள். சுட்டுது. டவுனிலை இருந்து வந்த சாமான் இப்பிடிச் சுடுமே? ஹோட்டல் கதை அந்த இடத்திலையே செத்துப்போச்சுது. மிச்சம் ஒரேயொரு கேள்வி. படத்திலை மட்டும் வடிவோ, வாயிலையும் அப்பிடித்தானோ? அது தெரியாமல் இனி ஒரு நாளும் தன்னாலை இருக்க ஏலாதெண்டு அவளுக்கு விளங்கீற்றுது.

மணந்து மட்டும் பாப்பம் எண்டு எடுத்தாள். பிறகு ஒரு கிள்ளு. நாக்கிலை பட்ட உடனை பட்டரும் முட்டையுமாய்க் கரைஞ்சுது. ஒரு ஓரமாவது கருகியிருக்கும், உள்ளுக்கு ஒரு இடமாவது களியாயிருக்கும் எண்டு தேடித் தேடித் திண்டாள். தேடினதிலை முழுசும் முடிஞ்சுது. கண்ணிலை தண்ணி வந்திட்டுது. பக்தியிலை வந்த தண்ணியில்லை, வயித்தெரிச்சலிலை வந்தது.

ரண்டாவதை வாயிலை வைக்கேக்கை பின்னாலை காலடிச் சத்தம்.

"அக்கா, அக்கா, தொடாதேங்கோ, நீங்கள் விரதமெல்லே, நான் விசரி மறந்துபோய்…" எண்டு ஓடிவந்த றெஜினா அப்பிடியே நிண்டாள். தனுசியாவின்ரை வாய் நிறையப் பிறியோஷ். விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. றெஜினா நிலத்தைப் பாத்தாள். "சரி அக்கா, நான் பேந்து வாறன்" எண்டு மெல்லமாய்ச் சொல்லிப்போட்டுப் போயிட்டாள்.

பின்னேரம் இராசாத்தி அக்கா குறூப்பிலை எழுதினா. 'றெஜினா தங்கச்சி குறை நினைக்கக்கூடாது. உங்கடை மனிசர் ஹோட்டலிலை வேலையெண்டு கேள்விப்பட்டன். நீங்கள் போடுறதெல்லாம் நீங்களே செய்யிறதுதானோ? ஆரும் சாப்பிட்டுப் பாத்திருக்கினமோ? தனுசியா, நீர் முன்வீடுதானே, நீர் சொல்லும்.'

தனுசியா யோசிச்சாள். சாப்பிட்டன் எண்டால் விரதம் முறிஞ்ச கதை கனடா வரைக்கும் போகும். அடுத்த அறையிலை மாமி கண்ணுக்கு மருந்து விட்டிட்டுப் படுத்திருக்கிறா. ஆனால் அவள் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை. 'காலமை அக்கா என்ரை வீட்டுப் பிறியோஷைத் திண்டவ' எண்டு றெஜினா ஒரு வரி எழுதினால் எல்லாம் முடிஞ்சுது. றெஜினா எழுதிக்கொண்டிருக்கிறாள் எண்டு ஃபோன் காட்டிச்சுது. பிறகு நிண்டுது. திரும்பவும் காட்டிச்சுது.

'தனுசியா அக்கா விரதம். அவவுக்கு நான் ஒண்டும் குடுக்கேல்லை. நான் செய்யிறதை நம்ப ஏலாட்டில் பரவாயில்லை அக்கா. நான் குறூப்பிலை இருந்து விலகிறன். பழக்கிவிட்டதுக்கு எல்லாருக்கும் நன்றி.'

தனுசியாவுக்கு அப்பாடா எண்டிருந்துது. விரதமும் தப்பிச்சுது, கிரீடமும் வீட்டுக்குத் திரும்பி வரப்போகுது. இதுக்குத்தானே இவ்வளவு நாளும் கிடந்து துடிச்சாள்.

அந்த நிம்மதி ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரங்கூட நிக்கேல்லை. பிறகு கிளம்பிச்சுது பாருங்கோ ஒரு எரிச்சல், முந்தின எரிச்சலெல்லாம் அதுக்குமுன்னாலை சும்மா. மாவிலை வெண்டாள், சரி. பட்டரிலை வெண்டாள், சரி. இப்ப நல்ல மனிசி எண்ட பேரையும் தூக்கிக்கொண்டு போகப்போறாளோ? சாகுமட்டும் அந்த முன்வீட்டுப் படலையைப் பாக்கிற நேரமெல்லாம், இவள் என்ரை மானத்தைக் காப்பாத்தினவள் எண்டு நினைச்சு நினைச்சோ நான் சீவிக்கிறது? ஏலாது. அதை மட்டும் விட்டுக்குடுக்க ஏலாது.

ஃபோனை எடுத்து எழுதினாள்.

'றெஜினா பொய் சொல்லுறா. காலமை எனக்குப் பிறியோஷ் தந்தவ. விரதத்தோடை நான் திண்டனான். அடுப்பாலை இறக்கின சூட்டோடை இருந்துது. அப்பிடியொண்டு என்ரை கையாலை ஒருநாளும் வந்ததில்லை.'

ஹோட்டல் கதையைத் துவக்கினது ஆரெண்டு மட்டும் எழுதேல்லை. எல்லாத்தையும் ஒரே நாளிலை ஒப்புக்கொள்ள அவள் என்ன ஞானியே? அனுப்பிப்போட்டாள்.

அடுத்த அறையிலை மாமியின்ரை ஃபோன் அடிச்சுது. "ஓமடி தர்சினி… என்ன? ஆர், எங்கடை தனுசியாவோ?" ஃபோனை வைச்சிட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்து மாமி கதவடியிலை நிண்டா.

"பிள்ளை, அவள் என்னவோ சொல்லுறாள். நீ முட்டைச் சாமான் சாப்பிட்டனியே?"

"ஓம் மாமி."

"என்ரை கண்ணுக்கெண்டு பிடிச்ச விரதமெல்லே."

மாமி திரும்பிச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டா. தனுசியாவுக்கு அவவின்ரை முதுகைப் பாக்க ஏலாமல் கிடந்துது. குனிஞ்சு கையிலை இருந்த ஃபோனைப் பாத்தாள்.

எழுதினதுக்குக் கீழை ஒரு இதயம் விழுந்து கிடந்துது. குறூப்பிலை கனடாவும் பாரிசும் இன்னும் ஒரு சொல்லும் எழுதேல்லை, அதுக்குள்ளை ஆரெண்டு பாத்தாள். விலகிறன் எண்டிட்டு இன்னும் விலகாமல் நிண்ட றெஜினா.

சனியன், உதிலையும் முந்திப்போட்டாள்.