மஞ்சத்துணி கட்டிய வேம்பு

மரம் வெட்ட ராசிபுரத்திலிருந்து வந்த அன்பரசு, பாதி ஏறியவன் இறங்கிவிட்டான்.

"ரம்பம் வெக்க மாட்டனுங்க. அந்தப் பக்கம் மஞ்சத்துணி கட்டியிருக்குது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த ஒரு நாளுக்காக நாலு மாசம் நாய் படாத பாடு பட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாரக்காளின் மாட்டுக்கொட்டகையை ஒட்டி நிற்கிற அந்த வேம்பு, மதிலைத் தாண்டி என் தறிப்பட்டறையின் மேல் சாய்ந்து கிடக்கிறது. மதிலுக்கு மேல் தெரிகிற தண்டில் முழங்கை வரை போகிற பொந்து, உள்ளே எல்லாம் கரையான். ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து, சிமெண்ட் அட்டையைப் பொத்துக்கொண்டு மூன்றாம் தறியின் மேல் விழுந்தது. என் மனைவி ஸ்ரீதேவி நிற்கிற தறி அது. தண்ணீர் குடிக்க அப்போதுதான் நகர்ந்திருந்தாள். அன்றிலிருந்து அந்தத் தறியின் சத்தத்தை நான் காதால் கேட்பதில்லை, வயிற்றால் கேட்கிறேன்.

மனு கொடுத்த இடங்களில் தனியார் மரம் என்று கையை விரித்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினால், மாரக்காள் "பாக்கலாஞ் சாமி" என்பாள். எங்கள் பக்கம் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். போன வாரம் அவளுடைய எருமைக்குப் பக்கத்திலேயே ஒரு கிளை விழுந்த பிறகுதான் வெட்டிக்கொள்ளச் சொன்னாள்.

இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அவள் வாசலுக்குப் போனேன். மரத்தின் அந்தப் பக்கம் மஞ்சள், குங்குமம், வெயிலில் வெளுத்த துணி.

"வெட்டிக்கன்னு சொல்லிப்போட்டு சாமியாக்கி வெச்சிருக்கறயேக்கா, நல்லாருக்குதா?"

"நான் கட்டல சாமி. உம்பொண்டாட்டியப் போய்க் கேளு. கெளை உழுந்த மறுநாளே வந்து கட்டீட்டுப் போனா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அன்பரசு கயிற்றைச் சுருட்டினான். "கட்டுனவங்கதாங்க அவுக்கோணும். அவுத்துட்டுச் சொல்லுங்க, வாரேன்."

பட்டறையில் ஸ்ரீதேவி தறியை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"அன்னிக்கு எனக்குத் தாகமே இல்லீங்க. அம்மன் கூப்புட்டா, போனேன். அவளப் போயி எப்படீங்க வெட்டறது?"

"கெளையப் போட்டதும் அவதான? புள்ளையக் கிள்ளி உட்டுத் தொட்டிலயும் ஆட்டறாளா உன்ற அம்மன்?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நாலு மாசம் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தியிருக்கிறேன், முடிச்சு என் வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

"சரி, நீ மொதத் தறிக்குப் போ. இனி இதுல நான் நிக்கறேன்."

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இதுல நீங்க நிக்காதீங்க."

"ஏம்புள்ள, அம்மன்தான் பாத்துக்குவாளே?"

அவள் குனிந்துகொண்டே சொன்னாள்.

"நான் எனக்கு மட்டுந்தானுங்க வேண்டிக்கிட்டுக் கட்டுனேன்."

பிடித்த சட்டையை அவள் விடவில்லை. நானும் நகரவில்லை. அட்டை இடுக்கிலிருந்து கரையான் மண், தறியில் ஏற்றிய வெள்ளைப் பாவு நூலின் மேல் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.