நாக்கைத் தூக்கிக் காட்டு

"வாயத் திற. நாக்கத் தூக்கு. இன்னும் தூக்கு."

முலாட் கைப்பேசி வெளிச்சத்தை மனைவியின் வாய்க்குள் அடித்துப் பார்த்தான். நாக்குக்கு அடியில் மாத்திரை இல்லை. கன்னத்து ஓரத்திலும் இல்லை. டெஸ்ஸி நகரத்து மேட்டிலும் பள்ளத்திலும் நாளெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு, பொழுது சாயும்போது இப்படி ஒரு வேலை.

"மாடு பிடிக்க வந்த தரகன் தோத்தான். பல்லையும் எண்ணிக்கோய்யா" என்றாள் பெலாய்னேஷ்.

"சிரிக்காத. போன வாட்டி ஆஸ்பத்திரில அத்தன பேரு முன்னாடி சிஸ்டர் கேட்டது உன்னையா, என்னையா? 'பொண்டாட்டி மாத்திரை முழுங்குறாளான்னு கூடப் பாக்க மாட்டியா'ன்னு கேட்டுச்சே, என் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

"நான் முழுங்குறேன்யா. எத்தன தடவ சொல்றது?"

சிறுவயதில் தொண்டை வலியோடு வந்த ஒரு காய்ச்சல், மூட்டுகளை வீங்க வைத்துவிட்டுப் போகிற போக்கில் அவளுடைய இதய வால்வையும் கெடுத்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் தலைநகர் அடிஸ் அபாபாவில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அது கடிகாரம் போல 'டிக் டிக்' என்று ஓடியது. அதில் ரத்தம் உறைந்து ஒட்டாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அதில் வரும் எண் இரண்டரைக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே நின்ற எண், போன மாதம் ஒன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. சிஸ்டர் ஹிருத் மாத்திரையைக் கூட்டவில்லை. ஒழுங்காகப் போட்டாலே ஏறும் என்று திட்டி அனுப்பிவிட்டாள்.

முலாட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாத்திரையைக் கொடுப்பவன் அவன். தண்ணீர் கொடுப்பவனும் அவனே. பொய் சொல்வது ஆஸ்பத்திரி இயந்திரமா, சிஸ்டரா, மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக் கட்டிக்கொண்ட பெண்டாட்டியா? கடைசியில் சந்தேகம் அவள் மேல்தான் போய் உட்கார்ந்தது. எளியவர்கள் மேல் உட்காருவதுதான் அதற்கும் சுலபம்.

ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட விரதம் நடந்துகொண்டிருந்தது. கறி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் ஐம்பத்தைந்து நாளைக்குக் கிடையாது. உயிரோடு திரும்பி வந்த நன்றிக்கு இந்த வருஷம் விரதத்தை ஒரு நாள்கூட விடுவதில்லை என்று பெலாய்னேஷ் நேர்ந்திருந்தாள். பிற்பகல் மூன்று மணி வரை பட்டினி. பிறகு இஞ்செரா அப்பமும், கொல்லையில் மழைக்குத் தழைத்துக் கிடந்த கீரையும். முலாட் தெருக்கடையில் பருப்புக் குழம்போடு முடித்துக்கொள்வான். அவள் தட்டில் தினமும் கீரைதான், அதுவும் மலை போல.

விரதத்தின் ஐந்தாவது வாரம் ஒரு அதிசயம் நடந்தது. நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்ல அமுங்கி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அஸ்னகெச் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் குலவையிட்டாள்.

"கோயில்ல புனித நீர் குடிச்சல்ல, அதான்! இரும்பு உன் சதையோட சதையாச் சேந்துருச்சு தங்கச்சி. இனி நீ எங்கள மாதிரிதான்!"

பெலாய்னேஷ் அழுதாள், சந்தோஷத்தில். மேடேறும்போது மூச்சு வாங்கியதை விரதக் களைப்பு என்று எண்ணிக்கொண்டாள். முலாட்டுக்குத்தான் குழப்பம் கூடியது. எண் கெட்டது என்கிறது, நெஞ்சு நல்லது என்கிறது. எதை நம்புவது?

அடுத்த பரிசோதனையில் எண் ஒன்று புள்ளி நாலு.

"ஏம்மா, உசுரு உனக்கு வெளையாட்டா?" சிஸ்டர் ஹிருத் அட்டையைத் தூக்கி மேசையில் போட்டாள். "அறுவை சிகிச்சைக்குக் காத்துக் கெடக்கறவங்க எத்தன பேரு தெரியுமா? உனக்குக் கெடச்சத நீ குப்பையில போடுற."

பெலாய்னேஷ் மூச்சுக்கு அலைந்தபடி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவியின் குனிந்த தலையைப் பார்த்ததும் முலாட்டுக்குள் எதுவோ அறுந்தது.

"போதும் சிஸ்டர். என் கையால குடுக்கறேன். நாக்கத் தூக்கிப் பாக்கறேன், நாய்க்கு மருந்து குடுக்கற மாதிரி! முழுங்கத்தான் செய்யறா. நெஞ்சுல அந்தச் சத்தம்கூட நின்னு போச்சு. அப்புறம் எப்பிடிங்க கெட்டுப் போகும்?"

ஹிருத் சட்டென்று எழுந்தாள்.

"என்ன சொன்ன? சத்தம் நின்னு போச்சா?"

தன் கழுத்தில் கிடந்த கருவியைப் பெலாய்னேஷின் நெஞ்சில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வால்வின் மேல் ரத்தம் உறைந்து, அதன் கதவு பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது. குலவையிட்டுக் கொண்டாடியது மரணத்தின் காலடியை.

இரண்டு நாள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறியது. எத்தனையோ பேர் அந்தக் கட்டிலிலிருந்து கை கால் விளங்காமல் எழுந்திருக்கிறார்கள், எழாமலும் போயிருக்கிறார்கள். பெலாய்னேஷ் பிழைத்தாள். மூன்றாம் நாள் வலி தணிந்து, பேச்சோடு பேச்சாக அவள் கேட்டாள்.

"விரதம் எப்ப முடியுது சிஸ்டர்? கீரையத் தின்னு தின்னு நாக்கே பச்சையாயிடுச்சு."

ஹிருத் ஊசியைக் கீழே வைத்தாள். "தினமுமா கீரை?"

"வேற என்ன திங்கறது?"

"கீரை அந்த மாத்திரையோட வேலையக் கெடுக்கும்மா. எப்பவும் ஒரே அளவாச் சாப்பிட்டா மாத்திரைய அதுக்கேத்த மாதிரி வைக்கலாம். கீரையத் திடீர்னு கூட்டினா ரத்தம் உறையும். ஈஸ்டர் முடிஞ்சு கறிக்கு மாறி கீரைய நிறுத்தினா, ரத்தம் நிக்காமப் போகும். ரெண்டு தடவையும் முன்னாடியே வந்து சொல்லணும். இத உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"அடிஸ்ல ஒரு காகிதம் குடுத்தாங்க" என்றான் முலாட். "இங்கிலீஷ்ல."

ஹிருத்தும் அதே விரதம்தான் இருந்தாள், அவள் வீட்டிலும் கீரைதான்.

"தப்பு என்னோடது. மாத்திரை போட்டியான்னு கேட்டேன். என்ன சாப்பிட்டன்னு ஒரு வார்த்தை கேக்கல."

முலாட் மனைவியின் கையைத் தொட்டான். "நானும்தான்" என்றான்.

பெலாய்னேஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெஞ்சுக்குள்ள இரும்பு வச்சுப் பொழைக்க வச்சீங்க, நல்லது. ஆனா வால்வு மாத்தினவளுக்கு மாத்திரை மட்டும் போதாது சிஸ்டர். வெளங்குற பாஷையில சொல்ல ஒரு ஆளு வேணும். அவ சொல்றத நம்ப ஒரு ஆளு வேணும்."