மிஸ்டர் லெமுவேலின் இடது கை

1973 அக்டோபர் 1, திங்கள்

இன்று ஒரு தவறு செய்தேன். ஒலிப்பதிவு அறைக்குள் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவள் நான். அதை முதலில் மீறியவளும் நான்தான். மதியம் மிஸ்டர் லெமுவேல் பியானோவை விட்டு எழ மறுத்தார். எங்கள் ஊரில் திங்கட்கிழமைதோறும் சமைக்கும் பீன்ஸ் சோற்றை ஆறவிடவும் மனம் வரவில்லை. கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அது ஏன் முக்கியம் என்பதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

லெமுவேல் ப்ரூடோமின் இடது கை 1956இல் சரக்கு ரயில் போல ஓடியது. நாடே எழுந்து ஆடியது. இரண்டு பியானோக்களின் கால்கள் ஒடிந்தன. இப்போது அவர் ஃபங்க் என்ற புதுப் பாணியில் பாட வேண்டும் என்கிறது இசைத்தட்டுக் கம்பெனி. ஃபங்க்கில் அடித்த இடத்தைவிட அடிக்காமல் விட்ட இடத்துக்குத்தான் மதிப்பு. அவருடைய இடது கையோ எதையும் விட்டுவைப்பதில்லை. போதாததற்கு, என் பேஸ் கிட்டார் நடக்க வேண்டிய கீழ்ச் சுரங்களின் தடத்திலேயே அதுவும் நடக்கிறது.

பதிவை நடத்தும் அல்சிட் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகலன்னா பேஸ் வேணாம், வெர்டெல். அவர் கையே போதும்." இது எனக்கு முதல் இசைத்தட்டு. சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

கிண்ணம் அவருடைய இடது கையில் இருந்தது. டிரம்ஸில் இருந்த ஒடெல் சும்மா ஒரு தாளத்தைத் தட்டினான். நானும் சேர்ந்துகொண்டேன். மிஸ்டர் லெமுவேல் ஒரு வாய் சாப்பிட்டார். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வலது கையால் பியானோவில் இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி கரண்டி, மறுபடி இரண்டு தட்டு. மெல்லும் நேரமெல்லாம் இடைவெளி. அந்த இடைவெளியில் மூன்று நாளில் முதல்முறையாக என் பேஸ் என் காதில் விழுந்தது.

அல்சிட் பதிவு நாடாவை ஓடவிட்டிருந்தார். போட்டுக் காட்டினார்.

"யாரு இது வாசிக்கிறது?" என்றார் மிஸ்டர் லெமுவேல்.

"நீங்கதான்ணே," என்றார் அல்சிட்.

"நானா? என்னை எனக்குத் தெரியாதா? இவன் யாரோ சோம்பேறிப் பய." இன்னொரு முறை கேட்டார். தோள் தானாக அசைந்தது. "ஆனா பய நல்லாத்தான் வாசிக்கிறான்."

சிக்கல் என்னவென்றால், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பாட முடியாது. கிண்ணத்தைக் கீழே வைத்தால் ரயில் கிளம்பிவிடும். காலிக் கிண்ணத்தைக் கொடுத்துப் பார்த்தோம். நான்கு எண்ணிக்கை ஒரு சுற்று; எட்டாவது சுற்றில் கிண்ணம் மடிக்கும் இடது கை பியானோவுக்கும் போய்விட்டன.

"கையை கால்சட்டைப் பைக்குள்ள விட்டுக்கங்க," என்றான் ஒடெல்.

"இதுல ஏதுடா பை? பை வெச்சா இடுப்பு எடுப்பா தெரியாது." தங்க நிறக் கால்சட்டை அது. உட்காருவதே கஷ்டம்.

கையின் மேலேயே உட்கார்ந்து பார்த்தார். பல்லவியில் கத்துவதற்காக எழுந்தார். கையும் எழுந்துவிட்டது.

மணி நான்கு. அல்சிட் என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். என் பேஸின் பெட்டி சுவரோரம் திறந்தே கிடந்தது.

எனக்கு இசை எழுதவே இன்னும் சரியாக வராது. மாலை வகுப்பில் போன வாரம்தான், வாசிக்காமல் இருக்கச் சொல்லும் ஓய்வுக்குறியைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு தாளை எடுத்துத் தலைப்பில் 'மிஸ்டர் லெமுவேல் ப்ரூடோம் – இடது கை' என்று எழுதினேன். நாற்பத்தெட்டு சுற்றுக்கும் ஓய்வுக்குறி போட்டேன். இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன். அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன கண்ணு இது? கம்பியில வௌவால் தொங்குற மாதிரி?"

"உங்க இடது கைக்கு எழுதினது சார். ஒவ்வொண்ணுக்கும் நாலு எண்ணணும்."

"எண்ணிட்டு?"

"அடுத்தது எண்ணணும்."

ஒடெல் குச்சியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். மிஸ்டர் லெமுவேல் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிக் குடுத்ததில்ல," என்றார். "என் பேரெல்லாம் போட்டிருக்கே. அப்ப வாசிச்சுட வேண்டியதுதான்."

வாசித்தார். வலது கை தட்ட, வாய் பாட, இடது கை முழங்காலுக்கு மேலே கட்டிப்போட்ட நாய் போலத் துடித்தது. முதல் தடவை முப்பத்தொன்றில் தவறினார். "மன்னிச்சுக்க கண்ணு, தப்பா வாசிச்சுட்டேன்," என்று என்னிடமே சொன்னார். நான்காவது தடவை நாற்பத்தெட்டையும் முடித்தார். சட்டை நனைந்துவிட்டது.

"பதினேழு வருஷத்துல இவ்ளோ கஷ்டமான வேலை பாத்ததில்லடா!"

அல்சிட் மறுபடி போட்டுக் கேட்டார். "பேஸ் இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மிஸ்டர் லெமுவேல் தாளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு சுரம். இந்தக் கைக்கு ஒண்ணு குடு, கண்ணு. அந்தக் கை எங்க போச்சுன்னு ஊர்ல என்னைக் கேப்பாங்க."

"குடுக்காத," என்றான் ஒடெல். "ஒண்ணு குடுத்தா நாப்பத்தெட்டும் கேப்பாரு."

"நீ உன் டிரம்ஸைக் கொட்டுடா. உங்கிட்ட யாரு கேட்டா?"

"என்னைப் பாக்காதீங்கண்ணே," என்றார் அல்சிட். "பேஸ்காரி சொல்லட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன்.

முதல் சுற்றிலேயே கொடுத்தால் கை சூடேறிவிடும். கடைசியில் கொடுத்தால் அதுவரை பொறுப்பாரா என்பது சந்தேகம். இருபத்தைந்தில் என் பேஸ் ஒரு சுற்று ஓய்கிறது. அங்கே கொடுக்கலாமோ என்றும் தோன்றுகிறது.

நாளை: காலை பத்து மணிக்குள் இடது கைத் தாளை மையால் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். அந்த ஒரு சுரம் எந்தச் சுற்றில் என்று முடிவு செய்து எழுத வேண்டும்.