தப்பைப் பிடித்தவர் பெயர்

"அழின்னா அழிக்க வேண்டியதுதான பாப்பா, எதுக்கு இம்புட்டுப் பேச்சு?"

"தப்புன்னு சொல்லுங்கண்ணே. இப்பவே கோடு அடிச்சிடுறேன்."

"தப்புன்னு நான் சொன்னேனா?"

"அப்புறம் எதுக்கு அழிக்கணும்?"

தங்கப்பாண்டி அண்ணன் கழுத்துத் துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவனியாபுரம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு அவர்தான் செயலாளர். ஸ்டாண்டை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள் நான், ரோகிணி. எங்கள் இருவருக்கும் நடுவே கடைச் சுவரில் கரும்பலகை தொங்கியது. ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் படிப்பதற்காகத் தினமும் காலையில் அதில் ஏதாவது எழுதுவேன். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, இதே தேதியில் முன்பு என்ன நடந்தது, ஏதாவது ஒரு நாட்டின் தலைநகரம் என்று. 'ஜன்னல்' போர்ச்சுகீசியர்களோடு வந்த சொல் என்று எழுதிய அன்று சாயங்காலம் வீட்டு ஜன்னலைத் திறந்தேன். எதிர்ப் பட்டறையின் தகரக் கூரைக்குப் பின்னால் பாய்மரம் ஒன்று ஆடுவதுபோல இருந்தது. இருபத்து மூன்று வருடமாகத் திறந்து மூடும் ஜன்னல் அது.

இன்று எழுதியிருந்தது இதுதான்:

'1939, ஜூலை 8. சாதியைச் சொல்லி அதுவரை வெளியே நிறுத்தப்பட்டவர்கள், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்து சாமி கும்பிட்ட நாள்.'

"காலையிலயே போன் வந்திருச்சு," என்றார் அண்ணன். "போர்டு வாங்கிக் குடுத்தவருதான். 'நிறுத்துனது யாருன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல, நம்ம ஸ்டாண்டுல எதுக்குய்யா வம்பு'ங்கிறாரு. மத்தியானத்துக்குள்ள அழிக்கலைன்னா போர்டைக் கழட்டிக் கொண்டு போயிருவாராம்."

"கேக்கட்டும்ணே. கேக்கத்தானே எழுதுறது."

"ஏத்தா, ஒனக்கு போர்டு வேணுமா வேணாமா?"

வேண்டும். அது அவருக்கும் தெரியும். அந்தப் பலகை இல்லாவிட்டால், நாள் முழுக்க அடுத்தவர்களின் ஆதார் அட்டையைப் பிரதி எடுப்பவள் மட்டும்தான் நான்.

கடைக்குள்ளிருந்து முதலாளி பக்கீர் முகமது எட்டிப் பார்த்தார். "ரோகிணிமா, பேசாம நாளைக்கு ஒட்டகச்சிவிங்கி பத்தி எழுது. அதுக்கு ஊருல சொந்தக்காரங்க யாரும் இல்ல."

ஸ்டாண்டே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, ஈரத் துணியை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "நீங்க போட்ட சட்டம்தாண்ணே," என்றேன்.

போன வருடம், அழகர்கோவில் மதுரைக்குத் தெற்கே இருக்கிறது என்று எழுதிவிட்டேன். முதலில் பிடித்தவர் இவர்தான். "தெக்க இருக்கிறது நாம தாயி! அப்ப அழகரு ஏர்போர்ட் ரோட்டுலயா வாராரு?" என்று கத்தினார். வெட்கத்தில் அவசரமாக அழித்துவிட்டேன். அதற்குத்தான் அவருக்குப் பெருங்கோபம். தப்பைக் கண்டுபிடித்த பெருமை போயிற்றே! அன்று டீக்கடையில் உட்கார்ந்து ஸ்டாண்டுக்கே ஒரு சட்டம் போட்டார். தப்பு இருந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, படிக்கிற மாதிரி. கீழே பிடித்தவர் பெயர். அவருக்கு என் செலவில் டீ. மற்றபடி இருட்டும் வரை பலகையை யாரும் துடைக்கக் கூடாது. அதற்குப் பிறகு அண்ணன் என்னிடம் வாங்கிக் குடித்த டீக்கு அளவில்லை. சவாரி ஏற்றும்போதே ஒரு கண் பலகையில்தான் இருக்கும்.

"சட்டம் தப்புக்குத்தான்," என்றார் இப்போது, குரலைத் தாழ்த்தி. "இதுக்கு இல்ல."

"இதுக்கும்தாண்ணே."

சொன்னது மருது. ஸ்டாண்டில் எல்லோரையும் கிண்டலடித்து ஓட்டுகிறவன், காலையிலிருந்து வாயே திறக்காமல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்தான். கையில் போன்.

"காலையில போட்டோ எடுத்து எங்க வீட்டு குரூப்புல போட்டேன். எங்க சித்தப்பா பேரையூர்லேருந்து போன் பண்ணி, 'நம்ம ஆளுக உள்ள போன நாளு, ஒங்க ஸ்டாண்டுல எழுதிருக்காய்ங்களா'ன்னு கேட்டாரு. அவரு இங்கதான் வந்துக்கிட்டு இருக்காரு, பாக்குறதுக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "இந்தப் போர்டுல எழுத்து மேல கை வச்சா என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும். தப்புன்னு அர்த்தம். நீங்கதாண்ணே சொல்லிக் குடுத்தீக."

மருதுவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்ணன் பலகையைப் பார்த்தார். பலகையையும் வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

"அவரு கழட்டிருவாருடா," என்றார் மெதுவாக.

"கழட்டட்டும்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எழுத்தோடயே கழட்டிக் கொண்டு போகட்டும். போற வழியெல்லாம் நாலு பேரு படிப்பாங்க. நான் அழிக்க மாட்டேண்ணே."

"அப்ப நான் அழிக்கிறேன்." ஈரத் துணியோடு ஓர் அடி வைத்தார்.

குறுக்கே போய் நின்றேன். பாவாடைத் தாவணிக் காலத்துப் பெண் இல்லை நான், நகரச் சொன்னால் நகர்வதற்கு. கடைப் பெட்டியிலிருந்து ஒரு முழுச் சாக்பீஸை எடுத்தேன்.

"துணி வேணாம். சட்டப்படியே செய்வோம். ஒரு கோடு போடுங்க. கீழ ஒங்க பேரை எழுதுங்க. இது தப்புன்னு இன்னார் சொன்னார்னு இருக்கட்டும். டீ நான் வாங்கித் தாரேன்."

அண்ணன் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். கை தானாகப் பலகைவரை உயர்ந்தது, எத்தனையோ முறை உயர்ந்த கை. வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி, "டிரைவரு, எப்பத்தான் எடுப்பீக?" என்று கேட்டாள். அவர் சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. எடுக்கவில்லை. சாக்பீஸ் முனை எழுத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

மருது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எழுதுங்கண்ணே," என்றேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கும் தெரியிற மாதிரி, பேரைப் பெருசா எழுதுங்க."