ஆலைக் கொட்டகையில் ஆனர்ஸ் வகுப்பு

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டு மாதம் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், இங்கிலீஷ்காரர் எல்லைக்குள் இருந்த பல்கலைக்கழகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். கணிதத் துறையில் லெக்சரராக இருந்த தணிகைவேல், பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த சொந்த ஊரான பாகூருக்குத் திரும்பினான். வந்ததிலிருந்து அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வரப்பில் நடந்தான், ஏரிக்கரையில் நடந்தான், சாப்பிடும்போதே எழுந்து போய்த் தெருவைப் பார்த்தான்.

"யாரு வரப்போறாங்கன்னு இப்படி எட்டி எட்டிப் பாக்கறீங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி கஸ்தூரி.

அவனுக்கே தெரியவில்லை. மூடுவதற்கு முந்தின வாரம் துறைக் கூட்டத்தில் நடந்த சண்டைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. துறைத் தலைவர் சூசைநாதன் நல்ல மனிதர், பழைய மனிதர். அவர் சொல்லச் சொல்லப் பையன்கள் நோட்ஸ் எழுதிக்கொள்வார்கள், அதைப் பரீட்சையில் அப்படியே எழுதுவார்கள், பாஸ் ஆவார்கள். "துறையோட வேலை அதுதான். இவன்களுக்கு ஒரு டிகிரி, ஒரு உத்தியோகம்" என்றார் அவர். "அப்படின்னா கணக்கு எதுக்கு சார்? எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்கறவனா அவனை அனுப்பணும்" என்றான் தணிகைவேல்.

ஒரு மத்தியானம் ராசு வந்து நின்றான். வில்லியனூர்ச் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் சேதுராமனின் மகன், ஆனர்ஸ் கடைசி வருஷம். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தான்.

"சார், வூட்ல இருக்க முடியல. கடையில துணி கிழிக்கச் சொல்றாங்க. நீங்க பாடம் நடத்துவீங்களா?"

தணிகைவேல் அன்றைக்கே தொடங்கிவிட்டான். மறுவாரம் கூடலூர்ப் பக்கத்திலிருந்து அதே வகுப்பு மாரிமுத்துவும் வேறு சிலரும் வந்தார்கள். எல்லையில் போலீஸ்காரன் அவர்கள் மூட்டையைப் பிரித்துப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டான். கரும்பு வெட்டத் தை பிறக்க வேண்டும். அதுவரை வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை சும்மாதான் கிடந்தது. அதன் சுண்ணாம்புச் சுவர்தான் கரும்பலகை, அடுப்புக்கரிதான் சாக்பீஸ்.

தணிகைவேல் நோட்ஸ் கொடுக்கவில்லை. ஒரு தேற்றத்தைச் சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொள்வான். ஒருவன் எழுந்து நிரூபிக்க வேண்டும், மற்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் மடக்க வேண்டும். சில நாள் ஒரே வரியில் பொழுது போய்விடும். மாரிமுத்து மட்டும் அடிக்கடி கேட்டான்: "சார், போர்ஷன் முடியுமா?" தணிகைவேல் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

ஒருநாள் யாருக்கும் பிடிபடாத ஒரு தேற்றத்தை அவனே நிரூபித்துக் காட்டினான். கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி, முடிவே இல்லாமல் போகும் ஒரு தொடர். உறுப்புகளை இடம் மாற்றி அடுக்கினால் விடை அழகாக வந்து விழும். எழுதி முடித்து, கையிலிருந்த கரியைத் தட்டினான்.

"சார், பின்னாடி இருந்ததை முன்னாடி கொண்டாந்தீங்களே, அது எப்படி?" என்றான் ராசு.

"கூட்டல்தானேடா? எது முன்னாடி வந்தா இன்னா?" என்றான் மாரிமுத்து.

"பத்து எண்ணுன்னா சரி. முடிவே இல்லாததுக்கு?"

தணிகைவேல் திரும்பிச் சுவரைப் பார்த்தான். சில தொடர்களில் வரிசையை மாற்றினால் கூட்டுத்தொகையே மாறிவிடும் என்பதை அவனே வேறொரு பாடத்தில் சொல்லிக்கொடுத்தவன். இந்தத் தொடரும் அந்த ஜாதிதான். சூசைநாதனின் நோட்ஸில் படித்ததை அவன் மூன்று வருஷமாக யோசிக்காமல் எழுதி வந்திருக்கிறான்.

"இது நிக்காது. வேற வழி எனக்கு இப்பத் தெரியல" என்றான்.

வாத்தியார் தெரியாது என்று சொல்லிப் பையன்கள் கேட்டதில்லை.

அதன்பிறகு அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கழனியில் தண்ணீர் மடை திறந்திருப்பதைப் பார்த்தும் அடைக்காமல் தாண்டிப் போனான். "உடம்புக்கு இன்னா?" என்று கஸ்தூரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாம் என்ன மனுஷன், மற்றவர்களுக்கு உபதேசம் செய்தோமே என்ற நினைப்பு அவனை அரித்தது.

அந்த நிலையில்தான் சூசைநாதனே ஒரு வாடகை வண்டியில் ஆலைக் கொட்டகைக்கு வந்து இறங்கினார். தைக்குள் பல்கலைக்கழகம் திறக்கும் என்று செய்தி, பரீட்சை மார்ச்சில். பாகூரில் என்ன நடக்கிறது என்பது அவர் காதுக்கும் போயிருந்தது.

"எவ்வளவு நடத்தியிருக்கீங்க?" என்று கேட்டார். தணிகைவேல் சொன்னான். "பாதிகூட இல்லையே, மிஸ்டர் தணிகைவேல்! இவங்க வாழ்க்கையோட விளையாடறீங்களா?"

அதற்குள் ராசு அழிக்காமல் விட்டிருந்த சுவரைக் காட்டினான். "சார், இந்த வரி உங்க நோட்ஸ்லயும் இருக்கு. இது எப்படி சரியாவும்?"

சூசைநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பதினஞ்சு வருஷமா இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒருத்தன் கேக்கல" என்றார் மெல்ல. உடனே குரல் உயர்ந்தது. "கேக்காததும் நல்லதுக்குத்தான். கேட்டிருந்தா ஒரு வருஷமும் போர்ஷன் முடிஞ்சிருக்காது!"

அவர் கோட்டைக் கழற்றி, தண்ணீர் கொண்டுவந்த கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுக் கரியை எடுத்தார். ஒரு வழி போட்டார், ராசு மடக்கினான். இன்னொரு வழியைத் தணிகைவேல் ஆரம்பித்தான், சூசைநாதன் அதைக் கோடு போட்டு அடித்தார். தொடரை முதலில் ஓர் எல்லையோடு வெட்டிக்கொண்டு, அப்புறம் எல்லையைத் தள்ளிக்கொண்டே போகலாம் என்று கடைசியில் சொன்னது மாரிமுத்துதான். பொழுது சாய்வதற்குள் நிரூபணம் நின்றது. சூசைநாதனின் வெள்ளைச் சட்டையெல்லாம் கரி.

வண்டியில் ஏறும்போது அவர் சொன்னார்: "இன்னிக்கு எனக்கு சந்தோஷமா இருந்தது, மறைக்கல. ஆனா பரீட்சையில இதுக்கு மார்க் கிடையாது."

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. மாரிமுத்து வீட்டில் பழைய நோட்ஸையும் மனப்பாடம் செய்திருந்தான், தேறினான். ராசு ஒரு தாளில் ஒரே கேள்வியைத் தொடக்கத்திலிருந்து நிரூபித்துக்கொண்டு உட்கார்ந்து, மற்றதைத் தொடாமல் விட்டான். ஃபெயில்.

சேதுராமன் பாகூருக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? கடையில ஒழுங்கா இருந்த புள்ள. நீங்க படிச்சவர்னு நம்பித்தானே அனுப்பினேன்? எதைச் சொன்னாலும் ஏன் ஏன்னு கேக்கறான். பாஸ் மட்டும் பண்ணல!"

தணிகைவேல் எழுந்து நின்றான். "நேரத்தைப் பாத்து எழுதணும்னு நான் அவனுக்குச் சொல்லிக்குடுத்திருக்கணும். சொல்லல. தப்பு என்னுதுதான். இன்னொரு தரம் எழுதட்டும், நானே கூட இருந்து முடிச்சுக் குடுக்கறேன்."

"அப்ப அந்த ஏன்னு கேக்கற பழக்கத்த நிறுத்திடுவீங்களா?"

"அதை நிறுத்த மாட்டேன்."

சேதுராமன் அவனை முறைத்துப் பார்த்தார். கஸ்தூரி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். "எழுதட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ராசு அடுத்த முறை தேறினான், இரண்டாம் வகுப்பில். அந்த வருஷமே சூசைநாதன் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி மணியை நோட்ஸ் இல்லாத வகுப்பாக ஒதுக்கினார். நடத்தும் பொறுப்பு தணிகைவேலுக்கு. மற்ற மணிகளிலெல்லாம் பழையபடி நோட்ஸ்தான். வாரத்துக்கு ஒரு மணி போதுமா என்று தணிகைவேல் அவரோடு மறுபடி சண்டைக்குப் போனான்.