அறுபத்து மூன்றாவது பெட்டி

சின்னவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு சின்னவள் ஓரகத்தியாக வந்த மூன்றாம் மாதம், "ஜியாலஜி படிச்ச பொண்ணு வீட்டுல சும்மா இருக்கா மேடம்" என்று தலைமை ஆய்வாளரிடம் அவளே போய்ப் பேசினாள். அப்போது பெரியவளுக்கு அந்தக் கல் கிடங்கில் எட்டு வருட அனுபவம். இப்போது ஒன்பது. சின்னவளுக்கு ஒன்று.

கிடங்கு என்றால் இரும்பு அலமாரிகள், அவற்றில் நீளநீளமான அட்டைப் பெட்டிகள், பெட்டிகளுக்குள் பூமியைத் துளைத்து எடுத்த கல்லுருளைகள். ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். இந்த முறை வந்திருந்தது ஒரு பவளத்தீவின் கல். மொத்தம் நூற்று நாற்பது பெட்டிகள். முதல் பெட்டியில் தீவின் மேல்தரை. கடைசிப் பெட்டியில் கரிய எரிமலைப் பாறை. உருளைகளை வரிசைப்படுத்தி, எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டு, இரண்டாக அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். கல் தலைகீழானால் கதையும் தலைகீழாகிவிடும்.

கதை இதுதான். கடலில் ஓர் எரிமலை எழுந்து அணைந்தது. தன் பாரத்தாலும், அடியிலிருந்த கடல்தரை ஆறிச் சுருங்கியதாலும் மெல்ல மெல்ல அமிழ்ந்தது. அதன் கரையைச் சுற்றி வளர்ந்த பவளத்துக்கோ வெளிச்சம் இல்லாவிட்டால் உயிர் இல்லை. எனவே மலை இறங்க இறங்க, அது செத்த பவளத்தின் மேல் புதுப் பவளமாக ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மலை முழுகிவிட்டது. வளையம் மட்டும் மிஞ்சியது.

பெரியவளுக்கு இது ஒன்பது வருடமாகத் தெரியும். ஆனால் போன மாதக் கூட்டத்தில் சின்னவள் எழுந்து, "மலை தோத்துச்சு, பவளம் ஜெயிச்சுச்சு மேடம். ஆனா நடுவுல ஒரு ரவுண்டு பவளமும் தோத்திருக்கு. அறுபத்து மூணாவது பெட்டியில பவளத்து மேல சேறு மூடியிருக்கு. மலை இறங்குன வேகத்துக்கு அதால ஏற முடியல" என்றாள். தலைமை ஆய்வாளர் சிரித்துவிட்டு அதைத் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் பெரியவளின் வாக்கியம் ஒன்றுகூட ஏறியதில்லை. ஏறியிருந்தால் அவள் பார்த்திருப்பாள். அவள் பார்க்காத நாளில்லை.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் இன்னொரு பவளத்தீவில் துளைபோட ஒரு கப்பல் புறப்படுகிறது. கிடங்கிலிருந்து ஒருவர் போகலாம், ஒருவர்தான் போகலாம். ஒன்பது வருடமாகத் தீவுகளைப் பெட்டிகளில் மட்டுமே பார்த்தவள் பெரியவள். வெள்ளிக்கிழமை பெட்டிகளைப் பார்வையிட்டுவிட்டு யார் என்று சொல்வதாகத் தலைமை ஆய்வாளர் அறிவித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சின்னவள் இல்லாத நேரத்தில், பெரியவள் அறுபத்து மூன்றாவது பெட்டியை இறக்கினாள். குற்றம் தேடித்தான் இறக்கினாள் என்பதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை. 'அறுபத்து நாலோடு ஒப்பிட வேண்டும்' என்று சொல்லிக்கொண்டாள்.

லென்ஸில் ஒரு சிறு சிப்பி தெரிந்தது. அதன் வயிற்றில் பாதி சேறு, பாதி வெள்ளைப் பளிங்கு. உள்ளே புகுந்த சேறு எப்போதும் கீழேதான் படியும். மேலே மிஞ்சும் வெற்றிடத்தில்தான் பிறகு பளிங்கு விளையும். இங்கே பளிங்கு கீழே இருந்தது, சேறு கூரையில் தொங்கியது. அவசரப்படாமல் இன்னும் இரண்டு சிப்பிகளைப் பார்த்தாள். மூன்றிலும் அதே கோலம்.

கல் தலைகீழ். அம்புக்குறி போடும் முன்பே புரண்டிருக்க வேண்டும். அப்படியானால் முதலில் சேறு, அதன் மேல்தான் பவளம். அந்த ரவுண்டில் பவளம் தோற்கவில்லை, ஏறிப் பிடித்திருக்கிறது. நோட்டில் ஏறிய வாக்கியம் பொய்.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"என்னம்மா, கல்லப் பாத்து சிரிக்கிறீங்க? ஜோக்கு ஏதும் சொல்லுச்சா?" என்று கேட்டார் கல் அறுப்பவர். அறுக்கும் வேலைக்கும் ஓயாத வாய்க்கும் சேர்த்து அவருக்கு 'ரம்பம்' என்று பெயர்.

"உங்க ஜோக்குக்கு இது எவ்வளவோ தேவலை" என்று பெட்டியை மூடி அலமாரியில் ஏற்றினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் திடீரென்று கத்தியை வைத்தாள்.

"அக்கா, அந்த அறுபத்து மூணை நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன். எனக்கு என்னமோ உறுத்துது. பெரிய வாய் பேசிட்டேன் வேற."

சொல்லாமல் இருப்பது ஒன்று. கேட்கும்போது மறைப்பது வேறு. பெரியவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தாள்.

"நேத்தே பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

"அப்பாடா! நீங்க சொல்லிட்டா போதும்க்கா. இன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவளுக்குத் தூக்கம் வந்தது. பெரியவளுக்கு வரவில்லை. வியாழக்கிழமை இரண்டு முறை சொல்ல வாயெடுத்தாள். முதல் முறை சின்னவள் கப்பலுக்கு என்ன செருப்பு நல்லது என்று ரம்பத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை பெரியவளுக்கே மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைமை ஆய்வாளர் நேராக அறுபத்து மூன்றைத்தான் கேட்டார். லென்ஸை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு கல்லை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார்.

"இதுக்கு அம்புக்குறி போட்டது யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் சின்னவள்.

"சேறு கூரையில ஒட்டிட்டிருக்கே. பல்லியா அது?"

சின்னவள் லென்ஸை வாங்கிப் பார்த்தாள். காதுமடல் வரை சிவந்துபோனாள். "எனக்கே உறுத்துச்சு மேடம். அதான் அக்காகிட்ட கேட்டேன். பாத்துட்டு சரியா இருக்குன்னாங்க." அவள் குரலில் கோள்மூட்டும் தொனி துளியும் இல்லை. "அக்காவும் கவனிக்கல போல."

தலைமை ஆய்வாளர் திரும்பினார். பெரியவள் வாய் திறப்பதற்குள் அவரே வழியும் விட்டார். "சரி, யானைக்கும் அடி சறுக்கும்."

"ஆமா மேடம். அக்காவுக்கே தெரியலன்னா, வேற யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

தலையாட்டினால் போதும். காரியம் முடிந்துவிடும், கப்பல்கூடக் கைநழுவாமல் இருக்கலாம். ஆனால் 'தெரியல' என்ற அந்த வார்த்தை பெரியவளுக்குள் சுருக்கென்று தைத்தது. ஒன்பது வருடம் கல்லோடு கல்லாகக் கிடந்தவளுக்கு ஒரு சிப்பி தெரியாதா? இவள் முன்னால், இந்த நோட்டின் முன்னால், கண் தெரியாதவளாக நிற்பதா?

"எனக்குத் தெரியும்" என்றாள். "செவ்வாய்க்கிழமை மத்தியானமே தெரியும். ஒண்ணு இல்ல, மூணு சிப்பி பாத்தேன். தெரிஞ்சுதான் சரியா இருக்குன்னு சொன்னேன்."



தலைமை ஆய்வாளர் நோட்டைத் திறந்து பழைய வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். "கப்பலுக்கு இவங்க போகட்டும்" என்று சின்னவளைக் காட்டினார். "உறுத்துனா வாய்விட்டுக் கேக்குறாங்க. எனக்கு அது போதும்." பெரியவள் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

சின்னவள் அறுபத்து மூன்றின் அம்புக்குறியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். நிமிராமலே கேட்டாள்.

"வேற எந்தப் பெட்டியிலயாவது தப்பு பாத்தீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"இல்ல. சத்தியமா வேற எதுவும் இல்ல."

அது உண்மை. எல்லாப் பெட்டிகளையும் அவள் தேடிப் பார்த்திருந்தாள்.

"சரிங்க" என்றாள் சின்னவள். 'அக்கா' என்ற வார்த்தை வரவில்லை.

பிறகு முதல் அலமாரிக்குப் போய் ஒன்றாவது பெட்டியை இறக்கினாள். மூடியைத் திறந்து, முதல் கல்லிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். பெரியவள் மேஜையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை வெளிச்சத்துக்குச் சாய்த்து, விளிம்பிலிருந்து நடுவுக்குப் பார்வையைக் கொண்டுபோனாள். அந்த லாகவம் கைகூடப் பெரியவளுக்கு நான்கு வருடம் பிடித்திருந்தது.