எதிரே ஆளில்லை

மைக்கில் பெயரைக் கூப்பிட்டதும் செவ்வந்தி இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு ஜூடோ மேட் விரிப்பில் ஏறி நின்றாள். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தது. நடுவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவள் பக்கமாகக் கையை உயர்த்தினார். நாற்பத்தெட்டுக் கிலோ பெண்கள் பிரிவில், தொண்ணூற்றாறாம் வருடத்துக்கான மாவட்டத் தங்கம் அவளுக்கு.

போன வருடமும் இப்படித்தான். அதற்கு முந்தின வருடமும். அந்த எடையில் வேறு பெண் யாரும் வருவதேயில்லை.

சிங்காநல்லூர் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஜெரோம் மாஸ்டரின் வகுப்புக்கு ஓடுவாள். அங்கேயும் அவள் ஒருத்திதான் பெண். பையன்கள் பாவம் பார்த்துப் பிடியைத் தளர்த்துவார்கள். அவள் தூக்கிப் போட்டாலோ முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டில் அம்மா காளியாத்தாள் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அம்மணிய ஜெயிக்க ஆளே இல்லீங்க" என்று பெருமையடிப்பாள். செவ்வந்தி எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள்.

பதக்கத்தை வாங்கிக்கொண்டு மாநிலப் போட்டியைப் பற்றிக் கேட்டாள். அமைப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மோதி ஜெயிச்சவங்களத்தான் அனுப்புவோம், அம்மணி."

"மோத ஆள் வரலீன்னா நான் என்னங்க பண்ணட்டும்? அம்பத்திரெண்டுல ஜெயிச்ச புள்ளையோட உடுங்க. மோதறேன்."

"எடை வேற. கை கால் முறிஞ்சா ஆரு பதில் சொல்றது?"

ஜெரோம் மாஸ்டர் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "விடு கண்ணு. தங்கம் தங்கந்தான?"

"ஆரத் தூக்கிப் போட்டு வாங்குனேன் மாஸ்டர்? நீங்களே சொல்லுங்க."

அவர் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

ஐம்பத்திரண்டு கிலோவில் ஜெயித்த ராமாமணி, கிணத்துக்கடவிலிருந்து வந்த காலேஜ் பெண். சுவரில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். செவ்வந்தி நேராக அவளிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க, என்னோட ஒருக்கா ஆடுறீங்களா?"

ராமாமணி ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயைத் துடைத்தாள். "மேட்டச் சுருட்டறதுக்குள்ள வாங்கக்கா."

இருவரும் குனிந்து வணங்கினார்கள். காலரைப் பிடித்த அந்தக் கையில் தயவு தாட்சண்யம் இல்லை. செவ்வந்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வருடக்கணக்காகப் பழகிய இடுப்பு வீச்சுக்குத் திரும்பினாள். பாதிதான் திரும்பியிருப்பாள், குதிகாலை யாரோ உருவியது போலிருந்தது. முதுகு பொத்தென்று மேட்டில் அறைந்தது. ஓட்டுக்கூரை சுற்றியது.

"அடி பட்டுருச்சுங்களா?"

"இல்ல. இன்னொருக்கா."

இரண்டாம் முறை அவள் அவசரப்படவில்லை. இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். ராமாமணியின் ஒரு முழங்கால் தரையைத் தொட்டது. செவ்வந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"அம்மணிகளா, நகருங்க! டெம்போ வந்து நிக்குது!"

மேட்டை ஏற்ற வந்த ஆட்கள் காலுக்கடியிலிருந்தே அதை உருவினார்கள். இருவரும் தடுமாறி விலகினார்கள். "ஒரே நிமிசமுங்க அண்ணா!" என்று செவ்வந்தி கத்தினாள். காதில் வாங்க ஆளில்லை. வெறும் சிமெண்டுத் தரையில் எப்படி விழுவது?

"அடுத்த வருசம் பாக்கலாமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

ராமாமணி இல்லையென்று தலையாட்டினாள். "எனக்கு இதோட காலேஜ் முடியுதுங்கக்கா. அப்பறம் ஊட்டுல உட மாட்டாங்க." பையை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஜெரோம் மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். செவ்வந்தி சிராய்ந்த முழங்கையை ஊதிக்கொண்டே வந்தாள்.

"எடையக் கூட்டிக்கறனுங்க. அடுத்த வருசம் என் பேர அம்பத்திரெண்டுல குடுங்க."

"அங்க போனா அடி வாங்குவியே."

"வாங்கறனுங்க."

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கண்ணுக்குள் ராமாமணியின் அந்த முழங்கால் மட்டுமே நின்றது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு. சிங்காநல்லூர் பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைக் காலரைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள்.